பூவா தலையா போட்டுப் பார்த்த மருந்து

இந்த எபிசோடை நீங்க கேட்டாலும் சரி, இங்க எழுத்தா படிச்சாலும் சரி, பெரும்பாலும் கையில ஒரு போன் இருக்கும். அந்த போன் பேட்டரிக்குள்ள இருக்கிற லித்தியம்தான் இன்னைக்கு விஷயம். ஆனா பேட்டரியைப் பற்றிப் பேசப் போறதில்லை. இதே லித்தியத்தோட ஒரு உப்பு, எழுபது வருஷத்துக்கும் மேலா பைபோலார் நோய்க்கு மாத்திரையா கொடுக்கப்படுது. இன்னைக்கும் அந்த நோய்க்கு முதல் வரிசை மருந்துகள்ல ஒண்ணு அது. எந்த கம்பெனியும் லேப்ல டிசைன் பண்ணின மூலக்கூறு இல்ல. பீரியாடிக் டேபிள்ல மூணாவது இடத்துல சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு தனிமம்.

இந்தக் கதையை இணையத்துல பல பேர் சொல்லியிருக்காங்க. "தற்செயலா ஒரு டாக்டர் கண்டுபிடிச்சார், உலகமே மாறிடுச்சு"ன்னு மூணு நிமிஷ வீடியோவா வரும். எனக்கு அந்த வெர்ஷன் பிடிக்கல. கண்டுபிடிச்சது 1948-ல. அது வேலை செய்யுதுன்னு சந்தேகப் பேர்வழிகள் முன்னாடி நிரூபிக்க 1970 ஆயிடுச்சு. நடுவுல இருக்கிற அந்த 22 வருஷம்தான் உண்மையான கதைன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல நோயைப் பற்றி ரெண்டு வரி. அந்தக் காலத்துல இதுக்கு மேனிக் டிப்ரஷன்னு பேரு. ஒரு பக்கம் மேனியா: தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிக்காது, கையில இருக்கிற காசு எல்லாம் போகும், தன்னால முடியாதது எதுவும் இல்லைங்கிற நினைப்பு. இன்னொரு பக்கம், எழுந்திருக்கக்கூட முடியாத மனச்சோர்வு. ரெண்டுக்கும் நடுவுல மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா, ஆள் முழுசா நல்லா இருப்பார். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. நோய் தானாவே போய்ட்டு, தானாவே திரும்பி வரும். மருந்தைச் சோதிக்கிறவங்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

ஜான் கேட், ஆஸ்திரேலியாக்காரர், 1912-ல பிறந்தவர். அவரோட அப்பாவும் மனநல மருத்துவமனை டாக்டர்தான். அதனால சின்ன வயசுலயே அந்த மாதிரி ஆஸ்பத்திரி வளாகங்களுக்குள்ளதான் வளர்ந்தார். ரெண்டாம் உலகப் போர்ல ராணுவ டாக்டரா போய், 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தப்போ ஜப்பான்காரங்க கிட்ட மாட்டி, மூணு வருஷத்துக்கு மேல சாங்கியில போர்க்கைதியா இருந்தார். நம்மள்ல பல பேர் ட்ரான்சிட்ல காபி குடிச்சிட்டுப் போற அதே சாங்கி. அங்க விமானத்தளம் போட மண் வெட்டினதுல கைதிகளும் உண்டு. முகாம்ல சக கைதிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு எண்ணம் வலுவாச்சு: கடுமையான மனநோய்க்கு உடம்புக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கணும்.

போர் முடிஞ்சு, மெல்பர்னுக்குப் பக்கத்துல பண்டூராங்கிற இடத்துல, முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மனநல ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தார். ஆராய்ச்சிக்கு லேப் கிடையாது. புழங்காம கிடந்த ஒரு சமையல் ஸ்டோர் ரூம்தான் லேப். ஆராய்ச்சி என்னன்னா, மேனியா நோயாளிகளோட சிறுநீரை எடுத்து கினிப் பன்றிகள் வயித்துல ஊசி போடுறது. சாம்பிள் பாட்டில்கள் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜ்ல. சாப்பாட்டுப் பக்கத்துல. திருமதி கேட் இதைப் பொறுத்துக்கிட்டதுக்குத் தனியா ஒரு எபிசோட் போடலாம்.

அவரோட தியரி இப்படி: மேனியாங்கிறது உடம்புல ஏதோ ஒரு பொருள் அதிகமா சுரக்கிறதால வருது, அப்படின்னா அது சிறுநீர்ல வெளியே வரணும். மேனியா நோயாளிகளோட சிறுநீர் கினிப் பன்றிகளை வேகமா கொன்ன மாதிரி அவருக்குத் தெரிஞ்சுது. கொல்றது யூரியா, அதைத் தூண்டிவிடுறது யூரிக் அமிலமா இருக்கலாம்னு சந்தேகப்பட்டார். அதைச் சோதிக்க யூரிக் அமிலத்தைத் தண்ணியில கரைக்கணும். அது லேசுல கரையாது. ஆனா அதோட லித்தியம் உப்பு நல்லா கரையும். லித்தியம் கதைக்குள்ள வந்தது இவ்வளவுதான். கரையறதுக்காக.

ஊசி போட்டா, எதிர்பார்த்ததுக்கு நேர்மாறா விஷத்தன்மை குறைஞ்சுது. சரி, லித்தியம் கார்பனேட்டை மட்டும் கொடுத்துப் பார்ப்போம்னு கொடுத்தார். ரெண்டு மணி நேரத்துல கினிப் பன்றிகள் மந்தமாகி, மல்லாக்கப் படுக்க வெச்சாலும் துள்ளாம சும்மா பார்த்துட்டே கிடந்தது. அவர் அங்கிருந்து ஒரே தாவு: இது மேனியாவைத் தணிக்குமோ?

இப்போ நிதானமா பார்த்தா, அந்த தியரி தப்பு. மேனியாவுக்கும் யூரிக் அமிலத்துக்கும் அவர் நினைச்ச சம்பந்தம் இல்ல. அந்தக் கினிப் பன்றிகள் அமைதியாகல, அனேகமா லித்தியம் அதிகமாகி விஷம் ஏறின நிலையில கிடந்ததுன்னுதான் பின்னாடி வந்தவங்க சொன்னாங்க. டீம்ல யாராவது "ஏன்னு தெரியல, இந்த லைனை மாத்தினேன், பக் போயிடுச்சு"ன்னு சொன்னா நான் அந்தக் கோடை மெர்ஜ் பண்ண மாட்டேன். கேட் மெர்ஜ் பண்ணார். ஆனா மனுஷனுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி தானே சாப்பிட்டுப் பார்த்தார், அதைச் சொல்லியே ஆகணும்.

1948 மார்ச் 29. முதல் நோயாளி. மருத்துவ வரலாற்றுல அவரை டபிள்யூ.பி.ன்னு ரெண்டு எழுத்துலதான் குறிப்பிடுவாங்க. வயசு 51. அஞ்சு வருஷமா தொடர்ச்சியா மேனியாவுல இருந்தவர். ஓயாம அலைச்சல், சாமானை உடைக்கிறது, வார்டிலேயே அதிகத் தொல்லை தர்றவர்ன்னு பேரு. லித்தியம் ஆரம்பிச்சு மூணு வாரத்துக்குள்ள அவரைக் குணமாகிட்டு வர்றவங்க வார்டுக்கு மாத்தினாங்க. ஜூலை 9-ஆம் தேதி வீட்டுக்குப் போனார். பழைய வேலைக்கே திரும்பினார். அஞ்சு வருஷம் கழிச்சு!

கேட் மொத்தம் பத்து மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். எல்லாரும் தேறினாங்க. ஸ்கிசோஃப்ரினியா உள்ள ஆறு பேருக்கும் மனச்சோர்வு உள்ள மூணு பேருக்கும் கூட கொடுத்தார். ஸ்கிசோஃப்ரினியாக்காரங்கள்ல சிலர் கொஞ்சம் அடங்கினாங்க, ஆனா நோய் மாறல. மனச்சோர்வுல பலன் இல்ல. இது எல்லாத்தையும் 1949 செப்டம்பர் 3 தேதியிட்ட 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியா'வுல எழுதினார். வேலை செய்யாத கேஸையும் சேர்த்து எழுதினது எனக்கு முக்கியமா படுது. எல்லாரையும் மந்தமாக்குற வெறும் மயக்க மருந்தா இருந்தா எல்லாருக்குமே ஒரே மாதிரி இருந்திருக்கும். இது மேனியாவை மட்டும் தொட்டது. சும்மா இல்ல, அதே 1949-ல மருத்துவ நோபல் பரிசு யாருக்குப் போச்சு தெரியுமா? மூளையில நரம்பை வெட்டுற லோபாட்டமி அறுவைச் சிகிச்சையைக் கொண்டு வந்த போர்ச்சுகல்காரர் எகாஸ் மோனிஸுக்கு. அந்தக் காலம் அது.

மூணு நிமிஷ வீடியோ இங்க முடிஞ்சிடும். டபிள்யூ.பி. வேலைக்குப் போயிட்டார், சுபம்.

ஆனா வேலைக்குப் போன டபிள்யூ.பி. மாத்திரையை விட்டுட்டார். 1949 ஜனவரி கடைசியில பழைய நிலையிலயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார். மறுபடி லித்தியம், மறுபடி தேறினார், மறுபடி வீடு. அப்புறம் திரும்ப விழுந்தார். இந்தத் தடவை கதை வேற. டோஸ் ஏத்தினா உடம்புல விஷம் ஏறுது. நிறுத்தினா மேனியா வருது. ரெண்டுக்கும் நடுவுல பாதுகாப்பான இடம் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. 1950 மே 23-ஆம் தேதி லித்தியம் நச்சால அவர் இறந்துட்டார். கேட் கொஞ்ச காலத்துக்கு லித்தியத்தையே கைவிட்டார்.

இதே நேரத்துல அமெரிக்காவுல இன்னொரு விபத்து. இதய நோயாளிகள் உப்பைக் குறைக்கணும் இல்லையா, அவங்களுக்கு சோடியம் குளோரைடுக்குப் பதிலா லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டு உப்பா வித்தாங்க. சில பேர் செத்தே போனாங்க. 1949-ல அதை மார்க்கெட்லேருந்து எடுத்தாங்க. இதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் எளிமையானது, ஆனா பயங்கரமானது. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். உடம்புல சோடியம் குறைஞ்சா, சிறுநீரகம் "ஐயோ உப்பை விடக்கூடாது"ன்னு பிடிச்சு வெச்சுக்கும். அப்போ லித்தியத்தையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சுக்கும். உப்பைக் குறைச்சுட்டிருந்த ஆட்கள் கையிலேயே இதைக் கொடுத்திருக்காங்க.

(ஒரு சின்ன சைட் நோட்: 1929-ல வந்த செவன்அப் சோடாவிலயும் அப்போ லித்தியம் உப்பு கலந்திருந்தது. பிறகு எடுத்துட்டாங்க.)

இந்த இடத்துல நான் மதிக்கிற ஆள் எட்வர்ட் டிராட்னர். மெல்பர்ன் பல்கலைக்கழகத்துல உடலியல் துறைக்காரர். பிரச்சினையை அவர் வேற மாதிரி பார்த்தார்: மருந்து நல்லதா கெட்டதாங்கிறதை விடுங்க, ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு முதல்ல அளப்போம். லித்தியத்தை நெருப்புல காட்டினா சிவப்பா எரியும், பட்டாசுல வர்ற அந்தச் சிவப்பு. அந்த ஒளியை அளக்கிற ஃப்ளேம் போட்டோமீட்டர்னு ஒரு கருவி அப்போதான் புழக்கத்துக்கு வந்துட்டிருந்தது. 1951-ல அவரும் நோவாக்கும் சேர்ந்து நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளோட முடிவுகளை வெளியிட்டாங்க. ஒருத்தரும் சாகல. மருந்து மாறல, மானிட்டரிங்தான் மாறிச்சு. ப்ரொடக்‌ஷன்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியும்.

போன மாசம் ஒரு நேயர் எழுதியிருந்தார், லித்தியம் எடுக்கிற தன்னோட அக்காவை ஏன் அடிக்கடி ரத்தம் எடுக்கச் சொல்லி அலைய வைக்கிறாங்கன்னு. பதில் இதுதான். இப்போ வழக்கமா ரத்தத்துல லிட்டருக்கு 0.6-லேருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும் வெச்சுக்கப் பார்ப்பாங்க. 1.5-ஐத் தாண்டினா ஆபத்து ஆரம்பம். பலன் தர்ற அளவுக்கும் விஷமாகுற அளவுக்கும் நடுவுல இவ்வளவுதான் இடைவெளி. நம்ம ஊர் மே மாச வெயில்ல வேர்த்து உடம்புல தண்ணி வத்தினாலும் அளவு ஏறும். வாந்தி, பேதி வந்தாலும் ஏறும். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்ல ஐபுபுரோஃபென் வாங்கிப் போட்டாலும் ஏறலாம். சிறுநீரகமும் தைராய்டும் சரியா இருக்கான்னும் அப்பப்போ பார்த்துக்கணும்.

சரி, விஷமாகாம கொடுக்கத் தெரிஞ்சாச்சு. இது உண்மையில வேலை செய்யுதா?

1950-கள்ல இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் அவசரம் இல்ல. 1952-ல பாரிஸ்ல குளோர்புரோமசின் வந்துடுச்சு. அதுக்குப் பின்னாடி கம்பெனி இருந்தது, பேடன்ட் இருந்தது, டாக்டர்கள் வீட்டுக் கதவைத் தட்ட ஆட்கள் இருந்தாங்க. லித்தியத்துக்கு யார் பேடன்ட் எடுக்க முடியும்? அது 1817-ல ஸ்வீடன்ல அர்ஃப்வெட்சன் ஒரு கல்லுலேருந்து கண்டுபிடிச்ச தனிமம். லாபம் இல்லாத பொருளுக்குச் சோதனைச் செலவை யார் ஏத்துப்பாங்க?

ஏத்துக்கிட்டவர் டென்மார்க்ல மோகன்ஸ் ஷோ. ஆர்ஹுஸ் பக்கத்துல ரிஸ்கோவ் மனநல ஆஸ்பத்திரி. அவரோட பேராசிரியர் எரிக் ஸ்ட்ரோம்கிரென், கேட்டோட கட்டுரையைப் பார்த்துட்டு "இதை ஒழுங்கா சோதிச்சுப் பாருங்க"ன்னார். அந்த "ஒழுங்கா"ங்கிறது அப்போ புது விஷயம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை ராண்டமா பிரிச்சுச் சோதிச்ச புகழ்பெற்ற பிரிட்டிஷ் ட்ரையல் வந்ததே 1948-லதான். ஷோவும் கூட்டாளிகளும் 38 நோயாளிகளை எடுத்தாங்க. அதுல ஒரு பகுதிக்கு எப்போ லித்தியம், எப்போ வெத்து மாத்திரைன்னு நாணயத்தைச் சுண்டி முடிவு பண்ணாங்க. பூவா தலையா. இன்னைக்கு எந்த ஆப்லயும் ஏ/பி டெஸ்ட் ஓடுது, ஆனா 1954-ல மனநோய் ஆஸ்பத்திரியில டாக்டர் தன் அனுபவத்தை ஒதுக்கி வெச்சுட்டு நாணயத்துக்கிட்ட முடிவை விட்டார்னா அது பெரிய அடக்கம். மேனியாவைத் தணிக்கிறதுல லித்தியம் தேறிடுச்சு.

ஆனா பெரிய கேள்வி வேற. நல்லா இருக்கிறப்போவும் தொடர்ந்து சாப்பிட்டா, அடுத்த தாக்குதல் வராம தடுக்குமா? இங்கிலாந்துல ஹார்ட்டிகன், டென்மார்க்ல பால் கிறிஸ்டியன் போஸ்ட்ரப், ரெண்டு பேரும் தனித்தனியா அப்படித் தெரியுதுன்னு சொன்னாங்க. ஷோவுக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்ல. அவரோட சொந்த சகோதரருக்கு திரும்பத் திரும்ப வர்ற மனச்சோர்வு இருந்தது. லித்தியம் ஆரம்பிச்ச பிறகு அவர் தேறினார்.

1967-ல போஸ்ட்ரப்பும் ஷோவும் 88 பெண்களோட தரவை வெளியிட்டாங்க. லித்தியத்துக்கு முன்னாடி வருஷத்துக்குச் சராசரியா 13 வாரம் நோயில இருந்தவங்க, லித்தியத்துல ரெண்டு வாரத்துக்கும் கீழ. இதைப் பார்த்தா யார்தான் சந்தேகப்படுவாங்க?

லண்டன்ல ரெண்டு பேர் பட்டாங்க. மைக்கேல் ஷெப்பர்டும் பேரி பிளாக்வெல்லும் 1968-ல 'லான்செட்'ல எழுதின கட்டுரையோட தலைப்பே, இது இன்னொரு சிகிச்சைக் கட்டுக்கதையான்னு கேட்டது. கடுப்பேத்துற தலைப்பு. ஆனா வாதம் பலமானது. அந்த 88 பேரும் சமீபத்துல அடிக்கடி நோய்வாய்ப்பட்டவங்கன்னு பார்த்துத் தேர்ந்தெடுத்தவங்க. போன மாசம் அதிகமா கிராஷ் ஆன பத்து சர்வரைத் தேர்ந்தெடுத்து மேல ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுப் பாருங்க. அடுத்த மாசம் கிராஷ் குறையும். மோசமான கட்டத்துல பிடிச்சா, அதுக்கப்புறம் எதுவும் கொஞ்சம் நல்லாத்தான் தெரியும். ஒப்பிட இன்னொரு குழு இல்ல. கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குறவருக்கும் தெரியும். கொடுக்கிறவருக்கோ மருந்து மேல நம்பிக்கை அதிகம்.

பல லித்தியம் வரலாறுகள்ல ஷெப்பர்டை வில்லனா காட்டுவாங்க. எனக்கு அப்படித் தோணல. இவர் 1955-லயே டேவிஸ்கூட சேர்ந்து ரெசர்பினை ராண்டமைஸ்டு முறையில சோதிச்சவர். ரெசர்பின்ங்கிறது நம்ம சர்ப்பகந்தி வேர்லேருந்து எடுக்கிறது. மருந்துக்கு எதிரி இல்ல, ஆதாரம் கேட்கிற ஆள். ஒவ்வொரு டீம்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார், மீட்டிங்ல எல்லாருக்கும் எரிச்சல் வரும்.

இப்போ ஷோவும் போஸ்ட்ரப்பும் மாட்டிக்கிட்டாங்க. சந்தேகத்தைத் தீர்க்கணும்னா சில பேருக்கு வெத்து மாத்திரை கொடுக்கணும். மருந்து உண்மையில வேலை செய்யுதுன்னா, அந்தச் சில பேர் நோயில விழுவாங்க. இந்த நோயில விழறதுன்னா தற்கொலை வரைக்கும் போகலாம். ஷோ இதை வெளிப்படையாவே பெரிய தர்மசங்கடமா பார்த்தார். ஒழுங்கா சோதிக்காம உலகம் முழுக்க இந்த மருந்து ஒதுக்கப்பட்டா, அதனால நோயில விழறவங்க கணக்கு என்ன? ரெண்டு பக்கமும் மனுஷங்கதான்.

அவங்க போட்ட டிசைன் இது. ஏற்கெனவே ஒரு வருஷத்துக்கு மேல லித்தியத்துல நல்லா இருக்கிற 84 பெண்கள். பாதிப் பேருக்கு லித்தியமே தொடரும், மத்தவங்களுக்கு அதே மாதிரி தெரியுற வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு சிகிச்சை தர்றவருக்கும் தெரியாது. எண்ணிக்கையை முடிவு வரைக்கும் மூடி வெக்காம, ஒவ்வொரு முடிவும் வர வரக் கணக்குப் போடுவாங்க. சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு வித்தியாசம் வந்த உடனே சோதனையை நிறுத்திடுவாங்க. யாராவது விழுந்தா உடனே அவருக்கு லித்தியம். ஆபத்துல இருக்கிற ஆட்களோட எண்ணிக்கையையும் நாட்களையும் முடிஞ்ச அளவு சின்னதாக்குற டிசைன்.

அஞ்சு மாசம். வெத்து மாத்திரைக்கு மாறின 39 பேர்ல 21 பேர் மறுபடி நோயில விழுந்தாங்க. லித்தியத்துல தொடர்ந்த 45 பேர்ல ஒருத்தர்கூட இல்ல. 1970-ல லான்செட்லயே வந்தது, கேள்வி கேட்ட அதே பத்திரிகையில. அதே வருஷம் அமெரிக்க எஃப்.டி.ஏ.வும் மேனியாவுக்கு லித்தியத்தை அனுமதிச்சது. பல நாடுகள் அதுக்கு முன்னாடியே கொடுத்துட்டிருந்தாங்க.

21-க்கு பூஜ்யம். எவ்வளவு சுத்தமான ரிசல்ட்! ஆனா அந்த 21 எனக்கு ஸ்கோர் மாதிரி தெரியல. நல்லா இருந்த 21 பெண்கள் மறுபடி அந்தக் குழிக்குள்ள போனாங்க, நாம தெரிஞ்சுக்கிறதுக்காக. அதுலயும் ஒரு சிக்கல் பின்னாடி வந்தது. லித்தியத்தைச் சடார்னு நிறுத்தினா, அந்த நிறுத்தமே நோயைத் தூண்டும்னு பிற்கால ஆய்வுகள் காட்டுச்சு. அப்படின்னா அந்த 21-ல கொஞ்சம் பேர் லித்தியம் இல்லாததால இல்ல, திடீர்னு நிறுத்தினதால விழுந்திருக்கலாம். அதனால அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனா லித்தியம் அதோட விழுந்துடல. பிறகு வேற வடிவத்துல நடந்த சோதனைகள்லயும் அது நின்னுச்சு. 2010-ல வந்த பேலன்ஸ் ட்ரையல்ல 330 பேரை ராண்டமா பிரிச்சு லித்தியத்தையும் வால்புரோயேட்டையும் ஒப்பிட்டாங்க, தனி மருந்தா லித்தியம்தான் மேல வந்தது.

மூளைக்குள்ள அது சரியா என்ன பண்ணுதுங்கிறதுல இன்னும் ஒத்த கருத்து இல்ல. சில என்சைம்களைத் தடுக்குதுன்னு தெரியும், அதுல எது முக்கியம்னுதான் சண்டை. கேட் 1980-ல இறந்தார், ஷோ 2005-ல. ஷோ கடைசி வரைக்கும் லித்தியத்தைப் பற்றித்தான் எழுதிட்டிருந்தார்.

அக்காவைப் பற்றி எழுதின நேயருக்கு ஒரே ஒரு விஷயம். ரத்தப் பரிசோதனைக்கு அலையறது எரிச்சலா இருந்தாலும் சரி, அக்கா இப்போ முழுசா நல்லா இருந்தாலும் சரி, டாக்டர் கிட்ட பேசாம மாத்திரையை நிறுத்த விடாதீங்க. ஏன்னு மேல சொன்னதுலயே இருக்கு.

அடுத்த எபிசோட் சர்ப்பகந்தி. டெல்லி, கல்கத்தா, பம்பாய்ல ஆரம்பிச்சு சுவிட்சர்லாந்து கம்பெனிக்குப் போன வேரோட கதை. அதுவரைக்கும், பை மக்களே.